இடது பக்கத்துப் பழுப்பு

ஜூன் 9

இல்லை அண்ணா, எனக்கும் அளவு தெரியாது. அண்ணி அளந்து போட்டு நான் பார்த்ததே இல்லை. உள்ளங்கையில் ஏலக்காயைக் கொட்டிப் பார்ப்பார், ஒன்றை எடுத்துத் திரும்ப டப்பாவில் போடுவார். ஏன் அந்த ஒன்று என்று கேட்டால், "அது வரமாட்டேங்குது" என்பார். இதை வைத்து உனக்கு நான் என்ன செய்முறை எழுத?

பார், நலமா என்றுகூடக் கேட்காமல் ஆரம்பித்துவிட்டேன். நலமா? சுண்டு எப்படி இருக்கிறாள்? எட்டாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டாயிற்றா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. புது அறையில் ஜன்னல் பெரியது. அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சண்டை முழுசாகக் கேட்கிறது. பொழுது போகிறது.

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். இஞ்சியைத் தட்ட வேண்டும், அரைக்கக் கூடாது. ஏலக்காய், பட்டை, மிளகு எல்லாம் உடைந்தால் போதும், தூளாக வேண்டாம். தண்ணீரில் போட்டு நன்றாகச் சுண்டும்வரை கொதிக்க விடுவார். அடுப்பை அணைத்த பிறகுதான் தேயிலை. உடனே மூடி போட்டுவிடுவார். இலை கொதித்தால் கசக்கும். துணியில் வடிகட்டுவார். சர்க்கரையைத் தனியாக வாணலியில் இளக்கி அதன்மேல் டிகாஷனை ஊற்றுவார். ஆறியதும் பாட்டிலில். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை செய்தால் வாரம் முழுக்க வரும். சூடான பாலில் கலந்தால் டீ. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு அவர் கண்டுபிடித்த வழி.

ஃப்ரீசரில் ஐஸ் தட்டுக்குப் பின்னால் ஒரு பாட்டில் இருந்தது என்று எழுதியிருக்கிறாய். அண்ணியின் கையெழுத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது என்றும். அது எப்போது செய்ததாக இருக்கும்? சும்மா கேட்டேன்.

போன் வேண்டாம், எழுது என்றாய். சரி. பிப்ரவரியில் அண்ணி போன பிறகு எனக்கும் உன்னோடு போனில் பேச வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. சுண்டுவின் கன்னத்தைக் கிள்ளு, என் கணக்கில்.

உன் தங்கை


ஜூன் 21

அன்புள்ள வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம், சுண்டு நலம், கடை நலம். முதலாளியின் மூட்டு மட்டும் நலமில்லை. அதனால் ஏணி ஏறுகிற வேலையெல்லாம் என் தலையில்.

பாட்டில் எப்போது செய்தது என்று கேட்டிருந்தாய். உன் அண்ணி கடைசியாய் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால்தான் இருக்கும். வேறு எப்போது? அந்த நிலைமையிலும் நின்று செய்திருக்கிறாள். வாய் அகலமான பாட்டில், அந்தப் பழைய ஊறுகாய் பாட்டில். பிளாஸ்திரியில் "டீ" என்று எழுதி, கீழே ஒரு கோடு. அவள் எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கோடு போடுவாள், யாரோ நம்பமாட்டேன் என்ற மாதிரி.

குடித்தால் தீர்ந்துவிடும். அதனால் ஒரு யோசனை. குடிக்கப் போவதில்லை. அதே மாதிரி இன்னொன்று செய்யப் போகிறேன். ஒருமுறை சரியாக வந்துவிட்டால் பிறகு எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். என் தொழிலே அதுதானே. கடைக்கு ஓர் அம்மாள் சுவரைப் பெயர்த்து ஒரு சில்லைக் கொண்டுவந்தார். "இதே கலர் வேணும்." எப்ப அடிச்சதுங்க என்று கேட்டேன். "எங்க வீட்டுக்காரர் இருந்தப்போ." அடிச்சப்ப இருந்த கலர் வேணுமா, இப்ப இருக்கற கலர் வேணுமா என்றேன். நின்று யோசித்தார். "இப்ப இருக்கறது." கலந்து கொடுத்தேன். மறுநாள் வந்து, எங்கே புதுசு எங்கே பழசு என்று தனக்கே தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீயும் அப்படித்தான். வெள்ளை அட்டையில் அவளுடையதை ஒரு தீற்று, பக்கத்தில் என்னுடையதை ஒரு தீற்று. ஈரத்தில் நிறம் பொய் சொல்லும். காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முதல் தடவை என்னுடையது வெளிறிவிட்டது. தேயிலையைக் கூட்டினேன். சிவப்பு ஏறியது, பழுப்பு ஏறவில்லை. பாட்டிலில் அவ்வளவு அழுத்தமான பழுப்பு.

சுண்டு சமையலறைக்கு வந்து அட்டையைப் பார்த்துவிட்டு, "அப்பா, நம்ம வீட்டுக்கு வெளியே என்ன கலர் அடிக்கப் போறீங்க?" என்கிறாள். உன் வாய் அப்படியே.

உடம்பைப் பார்த்துக்கொள். ஜன்னலை ரொம்பத் திறக்காதே, சண்டையில் உன்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அண்ணன்


ஜூலை 2

அன்புள்ள பெயிண்டருக்கு,

ஒரு நாக்கு இருக்கிறது உனக்கு. நினைவிருக்கிறதா? டீயை அட்டையில் பூசிக் காயவைத்துக் கண்ணால் ருசி பார்க்கிற ஒரே மனுஷன் நீயாகத்தான் இருப்பாய். படித்துவிட்டு ஆஸ்பத்திரியில் சிரித்தேன். என் வேலை சத்தம் நுழையாத அறையில். வெளியே யாருக்கும் கேட்கவில்லை. நல்லவேளை.

நீ நலம் என்று எழுதியிருப்பதை நம்புகிறேன், ஏணியில் ஏறுகிறாய் என்பதால். நான் நலம்.

என் வேலையைப் பற்றிக் கேட்டதே இல்லை நீ. சொல்கிறேன். ஒருவரை உள்ளே உட்காரவைத்துக் காதில் கருவியை மாட்டுகிறேன். "சத்தம் கேட்டா இந்தப் பட்டனை அழுத்துங்க." சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவேன். ஓர் இடத்தில் நிறுத்திவிடுவேன். எதுவும் அனுப்பமாட்டேன். அப்போதும் சிலர் அழுத்துகிறார்கள். பொய் சொல்லவில்லை. அவர்களுக்குக் கேட்கிறது. முதலில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இப்போது இல்லை.

டீக்கு வருகிறேன். நிறத்தை விடு. ஒரு சொட்டு நாக்கில் வைத்து என்ன தெரிகிறதென்று எழுது. முதலில் வருவது எது, கடைசியில் நிற்பது எது? இஞ்சியா மிளகா? ஒவ்வொரு தடவையும் பாட்டிலிலிருந்து எவ்வளவு எடுக்கிறாய்? அதை யோசித்தாயா?

சுண்டுவுக்கும் ஒரு வாய் கொடுத்துப் பார். அவளும் அந்த டீயில் வளர்ந்தவள்தான்.

மழைக்காலம். குடை எடுத்துக்கொண்டு போ. தலை நனைந்தால் உனக்கு உடனே சளி பிடிக்கும்.

தங்கை


ஜூலை 16

அன்புள்ள வாலுக்கு,

குடை வாங்கினேன், கடையிலேயே விட்டுவிட்டு நனைந்தேன், சளி பிடித்தது. உன் வாய்முகூர்த்தம்.

நீ சொன்னபடி நாக்கில் வைத்துப் பார்த்தேன். இத்தனை நாள் கண்ணால் பார்த்தது தப்புதான். முதலில் இஞ்சி. பிறகு மிளகின் காரம், தொண்டையில். கடைசியில் ஒரு கசப்பு. இலைக் கசப்பு இல்லை, அது எனக்குத் தெரியும், இதுவரை அந்தக் கசப்பில் நிறையச் செய்து கொட்டியாயிற்று. இது வேறு. மெதுவாக வந்து அப்படியே நிற்கிறது. அவள் கடைசியில் எதையோ புதிதாகச் சேர்த்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று கண்டுபிடித்தே தீருவேன்.

மருந்தோ என்றுகூட நினைத்தேன். பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

சுண்டுவுக்குக் கொடுத்தேன். அதுதான் வினை. ஒரு சொட்டு வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இது அம்மா டீ இல்லப்பா. அம்மா டீயில கிராம்பு இருக்கும்." கிராம்பு கிடையாது என்றேன். நீயும் எழுதவில்லை, நான் குடித்த டீயிலும் இல்லை. "இருக்கும்பா. எனக்குத் தெரியும்." உனக்குத் தெரியாது, மறந்துபோச்சு, இதோ பாட்டில் இருக்கு, உங்கம்மா கையெழுத்து இருக்கு என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். சின்னப் பிள்ளை. ஞாபகம் எப்படி நிற்கும்? எங்கேயோ யார் வீட்டிலோ குடித்ததைச் சொல்கிறாள்.

பாட்டில் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. எடுப்பது ஒரு ஸ்பூன்தான், ஆனால் எடுத்துக்கொண்டே இருக்கிறேனே.

அட்டை ஒன்று வைத்திருக்கிறேன். இடது பக்கம் அவள், வலது பக்கம் நான். உன் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துச் சொல். வலது பக்கம் எதில் குறைகிறது?

அண்ணன்


அட்டை கடிதத்தின் மடிப்புக்குள் இருந்தது. தபாலில் வந்ததில் ஒரு மூலை வளைந்திருந்தது. தங்கை அதை ஜன்னலருகே கொண்டுபோனாள். வலது பக்கம் செங்கல் தூளின் நிறம். இடது பக்கம் கருத்த பழுப்பு, ஓரத்தில் மட்டும் ஒரு பளபளப்பு.

சாதாரண டீ காய்ந்தால் பளபளக்காது.

சுற்றிலும் பார்த்துவிட்டு, இடது பக்கத்தை நாக்கால் தொட்டாள். அட்டையின் ருசி. பிறகு இஞ்சி, அல்லது இஞ்சி என்று அவள் நினைத்தது. பிறகு தீய்ந்த சர்க்கரை.

அண்ணி செய்த பாட்டிலாக இருக்கலாம் என்று அதுவரை ஒரு நம்பிக்கை வைத்திருந்தாள்.


ஆகஸ்ட் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வேலை அதிகம். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவருகிறார்கள். நான் நலம். உன் சளி போய்விட்டதா?

அட்டை வந்தது. இங்கே வெளிச்சம் சரியில்லை. ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

ஒன்று கேட்பேன், கோபப்படாதே. இதோடு நிறுத்திக்கொள்ளேன். பாட்டில் பாட்டிலாகவே இருக்கட்டும். உனக்கு ஒரு டீ வேண்டும், அவ்வளவுதானே? உன் கையால் செய்தது எப்படி வருகிறதோ அப்படிக் குடி. எல்லாவற்றையும் பழையபடி கொண்டுவந்தாக வேண்டுமா?

சுண்டு பேசுகிறாளா?

தங்கை


செப்டம்பர் 2

தங்கைக்கு,

நலம்.

விட்டுவிடு என்று கடையில் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். நீயுமா? வெளிச்சம் சரியில்லையாம். ஜன்னல் பெரியது என்று எழுதியவள் நீதான்.

பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது. மிளகைக் கூட்டினேன், பட்டையை வறுத்துப் பார்த்தேன், தேயிலையை மாற்றினேன். கசப்பு வருகிறது. அவள் கசப்பு வரவில்லை.

சுண்டு பேசுகிறாள். "சரிப்பா", "இல்லப்பா". இந்த இரண்டும்தான். முன்பெல்லாம் அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். அம்மா அப்படிச் சிரிப்பா, அம்மா இப்படிப் பின்னுவா என்று. இப்போது அதுவும் இல்லை.

அண்ணன்


செப்டம்பர் 5

அன்புள்ள அத்தைக்கு,

நான் நல்லாயிருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க? எனக்குக் கணக்குப் பரீட்சை முடிஞ்சிடுச்சு. அதைப் பத்திக் கேட்காதீங்க.

இந்த லெட்டர் எழுதறது அப்பாவுக்குத் தெரியாது. ஸ்டாம்ப் மட்டும் அவர் டிராயர்ல இருந்து எடுத்தேன். ஸ்டாம்ப் காணோம்னு தேடினா உங்களைத்தான் சொல்வேன்.

அப்பா தினமும் டீ காய்ச்சறார். வீடு பூரா டீ வாசனை. ஆனா டீ குடிக்க மாட்டார். ஸ்பூனால நக்கிப் பாத்துட்டு, கொஞ்ச நேரம் நின்னுட்டு, சிங்க்ல ஊத்திடறார். சிங்க் இப்ப பழுப்பாயிடுச்சு. நான் தேச்சேன், போகல.

அத்தை, நான் ஒண்ணு கேக்கணும். அம்மா டீயில கிராம்பு இருக்கும்தானே? வடிகட்டின துணியைப் பிரிச்சு அதுல இருந்து கிராம்பை மட்டும் பொறுக்கி எடுப்பாங்க. ஒண்ணை அவங்க வாயில போட்டுக்குவாங்க, ஒண்ணை எனக்குத் தருவாங்க. கன்னத்துல அடக்கி வச்சுக்கணும். கடிச்சா நாக்கு மரத்துப்போகும். யார் ரொம்ப நேரம் கடிக்காம வச்சிருக்கறதுன்னு பந்தயம். எப்பவும் நான்தான் தோப்பேன். அம்மா ஜெயிச்சுட்டு வாயைத் திறந்து காட்டுவாங்க.

அப்பா கிராம்பே கிடையாதுங்கறார். பாட்டில்லயும் இல்ல. நானும் ருசி பாத்தேனே, அதுல இல்லதான். அப்போ நான் ஞாபகம் வச்சிருக்கறது யாரு? கனவா? முதல்ல அப்பா மேல கோபமா இருந்துச்சு. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. கிராம்பு பொய்யின்னா மத்ததும் பொய்யா இருக்கலாம்ல? அம்மா வாயைத் திறந்து காட்டுவாங்களே, அது? அதனால நான் இப்ப யார்கிட்டயும் அம்மா பத்திப் பேசறதில்ல. தப்பாச் சொல்லிட்டா?

எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்க. அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
சுண்டு

பின்குறிப்பு: என் கன்னத்தைக் கிள்ளச் சொல்லி அப்பாவுக்கு எழுதாதீங்க. வலிக்குது.


செப்டம்பர் 12

என் சுண்டுக்கு,

கிராம்பு உண்டு. துணியைப் பிரித்துப் பொறுக்கியது உண்டு. பந்தயம் உண்டு. நானும் ஒருமுறை ஆடித் தோற்றிருக்கிறேன். உங்கம்மா வாயைத் திறந்து காட்டினார், நாக்கின்மேல் முழுக் கிராம்பு, நடுவில் வைத்தபடி.

நீ எதையும் தப்பாக ஞாபகம் வைத்திருக்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும்விட உனக்குத்தான் சரியாகத் தெரியும். பேசு. நிறையப் பேசு.

இதை நீ ரகசியமாக வைத்திருக்க வேண்டாம். அப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். இதே உறையில் இருக்கிறது. அதை அவரே பிரிக்கட்டும். நன்றாகச் சாப்பிடு. கணக்கைப் பற்றி நான் கேட்கவில்லை.

அத்தை


செப்டம்பர் 12

அண்ணா,

நலம் விசாரிக்கும் இடத்தை இந்த ஒருமுறை தாண்டிவிடுகிறேன்.

அந்தப் பாட்டில் நான் செய்தது.

கடைசி மாதங்களில் நீ குடித்த எல்லா டீயும் நான் செய்ததுதான். சனிக்கிழமைகளில் வந்துபோனேனே, அதற்குத்தான். நீ கடையிலும் சுண்டு பள்ளியிலும் இருக்கும்போது அண்ணி சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்வார், நான் செய்வேன். அடுப்பின் முன்னால் நிற்க அவருக்கு முடியவில்லை. பாட்டில்கள் பழையவை. பிளாஸ்திரி எப்போதோ அவர் ஒட்டியது. அதைக் கிழிக்க எனக்கும் தோன்றவில்லை.

உன்னிடம் சொல்லக் கூடாது என்றார். "பாட்டில் நிறைஞ்சிருந்தா, நான் நின்னு வேலை செய்யறேன்னு நினைச்சுக்கிட்டு நிம்மதியா கடைக்குப் போறார். கெடுத்துடாதே." நீ ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டிலைப் பார்த்துவிட்டுப் போவாயாம். அதை எனக்கு நடித்துக் காட்டினார், உன் முழியோடு. இரண்டு பேரும் சிரித்தோம்.

கிராம்பு வாசனை மட்டும் அப்போது அவருக்கு ஆகவில்லை. மருந்து ஏறிய நாளிலிருந்து. வீட்டிலிருந்த கிராம்பையெல்லாம் கொட்டிவிடச் சொன்னார். அதனால் நான் போடவில்லை. கை அப்படியே பழகிவிட்டது. ஜூனில் உனக்கு எழுதியபோதும் விட்டுவிட்டேன். நீ கடைசியாகக் குடித்ததை ஞாபகம் வைத்திருக்கிறாய். சுண்டு அதற்கு முந்தியதை. அவள் சொன்னதுதான் அண்ணியின் டீ.

அந்தக் கசப்பு.

பிப்ரவரியில் அன்றைக்கு நான் உன் வீட்டில் இருந்தேன். நீ ஆஸ்பத்திரியில். டிகாஷனை வடிகட்டிவிட்டு வாணலியில் சர்க்கரையை வைத்திருந்தேன். போன் அடித்தது. எடுத்தேன். நீ எதுவும் சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நானும் எதுவும் சொல்லவில்லை. அப்படியே நின்றோம், நீ அந்த முனையில், நான் இந்த முனையில். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பி வந்தபோது சர்க்கரை கருத்திருந்தது.

அதற்குப்பின் நடந்தது எதுவும் எனக்கு நினைவில் இல்லை. இந்த அட்டை வரும்வரை இல்லை. தீய்ந்த சர்க்கரையின்மேலேயே டிகாஷனை ஊற்றியிருக்கிறேன். பாட்டிலில் நிரப்பி, வழக்கமான கீழ்த்தட்டில் வைக்காமல் ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நீ பார்ப்பாயே என்று இருக்கும். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறேன்.

அண்ணி எதையும் சேர்க்கவில்லை. நீ தேடுவது அவருடைய கைப்பக்குவம் இல்லை அண்ணா.

அவருக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். சுண்டு இல்லையென்றால் மீறியிருக்க மாட்டேன். நீ ஆயுசுக்கும் என் டீயை அவருடையது என்று நினைத்துக்கொண்டிருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதற்காக அந்தப் பெண் தன் அம்மாவை மறந்துகொண்டிருக்கிறாள்.

வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

தங்கை


அக்டோபர் முழுக்க எதுவும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் காதுகளைச் சோதித்தாள். தபால்காரர் பக்கத்து வீட்டுக்கு மட்டும் வந்துபோனார். அங்கே கடிதம் வந்த நாட்களில் சண்டை இல்லை.


நவம்பர் 4

அன்புள்ள வாலுக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வேலை அதிகம் என்று எழுதலாம் என்று பார்த்தேன், ஆனால் அது உன்னுடைய சாக்கு.

நான் சுமாராக இருக்கிறேன். அதுதான் உண்மை. சுண்டு நலம்.

உன் கடிதத்தைப் படித்த அன்று பாட்டிலைக் கொட்டிவிடலாம் என்று சிங்க்வரை கொண்டுபோனேன். உன்மேல் கோபம். அவள்மேல் அதைவிட. திங்கட்கிழமை முழியைப் போட்டுக் காட்டினாளாமே! அப்படியென்ன முழிப்பேன்? பிறகு கொட்டவில்லை. திரும்பவும் ஃப்ரீசரில் வைத்தேன். பல நாள் அந்தக் கதவைத் திறக்கவில்லை.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். அன்றைக்குப் போனில் நீ ஒரு வார்த்தை பேசவில்லை என்று இத்தனை மாதம் எனக்கு உன்மேல் வருத்தம். "சொல்லுண்ணா" என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு வாய் எழவில்லை. நீ கேட்பாய் என்று காத்துக்கொண்டே நின்றேன். போன் வேண்டாம், எழுது என்றது அதனால்தான். நீ ஏன் கேட்கவில்லை?

கேட்டால் நான் சொல்லிவிடுவேன் என்றா?

பதில் வேண்டாம். நானே புரிந்துகொண்டேன், அந்தச் சர்க்கரையைப் பற்றித் திரும்பத் திரும்பப் படித்தபோது. கசப்பு எங்கிருந்து வந்ததென்று இரண்டு மாதமாகத் தேடினேன். அந்த முனையில் நான்தான் இருந்திருக்கிறேன்.

சுண்டுவிடம் போய், கிராம்பு உண்டாம் என்றேன். "அதான் சொன்னேனே" என்றாள். அவ்வளவுதான். அழுவாள் என்று நினைத்தேன். புத்தகத்தை மூடிவிட்டு, "வாங்க" என்று சமையலறைக்குப் போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "இஞ்சியை அரைக்காதீங்க, தட்டுங்க. நீங்க என்ன, சிமெண்ட்டா கலக்கறீங்க?" முதல் தடவை வாசனை பிடித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். இல்லை. போன வாரம் இன்னொரு தடவை. ஒரு வாய் குடித்தாள். துணியைப் பிரித்துக் கிராம்பைப் பொறுக்கினாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. நான் உடனே கடித்துவிட்டேன். அவள் வாயைத் திறந்து காட்டினாள்.

நான் அப்படி ஒரு பந்தயம் நடந்ததே தெரியாமல் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன், பார்.

மிச்சமிருந்த உன் டிகாஷனில் பால் கலந்து ஆளுக்கு அரை டம்ளர் குடித்தோம். சுண்டு, "அத்தை டீ கேவலமா இருக்கு" என்றாள். தீய்ந்துதான் இருக்கிறது. நான் முழுசாகக் குடித்தேன். பாட்டிலைக் கழுவிப் புதுசை ஊற்றிவைத்திருக்கிறோம். பிளாஸ்திரியைக் கிழிக்கவில்லை. என்ன நிறம் என்று அட்டையில் பார்க்கவும் இல்லை.

ஒரு நாள் போன் செய்வேன். எப்போது என்று தெரியாது. எடுத்தாலும் பேச்சு வருமா, அதுவும் தெரியாது. அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வா.

அண்ணன்

அத்தை, நான் சுண்டு. அப்பா எழுதி முடிச்சதும் இடம் இருந்துச்சு, அதான். அளவு எழுதறேன், யாருக்காவது தெரியணும்ல. பெரிய டம்ளரால நாலு டம்ளர் தண்ணி. இஞ்சி என் கட்டைவிரல் நீளம் (உங்களது இல்ல, என்னது). ஏலக்காய் ஒரு கைப்பிடி, அதுல ஒண்ணைத் திரும்பப் போட்டுடணும். பட்டை ரெண்டு துண்டு. மிளகு கொஞ்சம், அப்பா நிறையப் போடறார், நீங்க போடாதீங்க. கிராம்பு ஆறு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கலாம். சர்க்கரை பக்கத்துல நிக்கணும். நகரக் கூடாது.


அவள் கடைக்குப் போய்க் கிராம்பு வாங்கி வந்தாள். இடிகல் இல்லாததால் தண்ணீர் டம்ளரின் அடியால் எல்லாவற்றையும் நசுக்கினாள். ஏலக்காயில் ஒன்றைத் திரும்ப டப்பாவில் போட்டாள். தண்ணீர் சுண்டியது. அடுப்பை அணைத்துத் தேயிலையைப் போட்டு மூடினாள், வடிகட்டினாள், வாணலியில் சர்க்கரையை வைத்துப் பக்கத்தில் நின்றாள்.

ஓரத்தில் இளக ஆரம்பித்தபோது போன் அடித்தது.

அடுப்பை அணைத்தாள். போய் எடுத்தாள். அந்த முனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"சொல்லுண்ணா," என்றாள்.